உன் பேரில் இருக்கிற ஓட்டு

ஜனவரி 11

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நானும் அத்தானும் நலம். உன் வீட்டுக்காரிக்கு முதுகுவலி தேவலையா? சின்னவளுக்குப் பல் முளைத்துவிட்டதா?

போனில் கூப்பிட்டால் "மீட்டிங்ல இருக்கேன்க்கா" என்று வைத்துவிடுகிறாய். கடிதத்துக்கு அந்தச் சாக்கு சொல்ல முடியாது. அதனால்தான் எழுதுகிறேன்.

நேற்று ஆசிரியர் அறையில் வரலாறு டீச்சர் பேப்பரை என் முன்னால் விரித்துப் போட்டாள். "பௌதிகம், இது உங்க தம்பி கம்பெனிதானே?" என்று கேட்டாள். (இங்கே பாடத்தின் பேரால்தான் ஒருவரையொருவர் கூப்பிடுவோம்.) உன் பம்ப் கம்பெனி, அதன் முதலாளியுடைய மாப்பிள்ளை நடத்தும் மூன்று ஓட்டல்களை விலைக்கு வாங்கப் போகிறதாம். மூன்றும் நஷ்டத்தில் ஓடுகின்றன. கம்பெனி இத்தனை வருஷம் சேர்த்து வைத்த ரொக்கம் மொத்தமும் அதற்குப் போகிறதாம். பம்ப் செய்கிறவனுக்கு ஓட்டல் எதற்கு?

இரண்டு வருஷத்துக்கு முன் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து நீ சொன்னாயே: "ஓனரே ஓட்டுற வண்டியில ஏறுக்கா. சம்பளத்துக்கு ஓட்டுறவன் பள்ளத்துல விட்டுட்டு இறங்கிப் போயிடுவான். சொந்த வண்டிக்காரன் பார்த்துத்தான் ஓட்டுவான்." அதைக் கேட்டு நான் பங்கு வாங்கினேன். அதோடு நிற்காமல் அதையே வேதவாக்காக ஆசிரியர் அறையில் ஓதினேன். கணக்கு, வரலாறு, விலங்கியல் என்று எல்லாரும் வாங்கினார்கள். விலங்கியல் இந்த வருஷம் ஓய்வு பெறுகிறாள். சேமிப்பில் பாதியை இதில்தான் போட்டிருக்கிறாள்.

பார்த்துத்தான் ஓட்டுகிறார், தம்பி. நேராக மாப்பிள்ளை வீட்டு வாசலுக்கு.

நீ அந்தக் கம்பெனியின் செயலாளர். உனக்குத் தெரியாமல் அங்கே ஒரு காகிதம் நகராது. என்ன நடக்கிறது என்று எழுது.

அக்கா

*

ஜனவரி 29

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். இங்கே எல்லோரும் சுகம். முதுகுவலி குறைந்திருக்கிறது. சின்னவளுக்குக் கீழே இரண்டு பல் வந்துவிட்டது. கையில் எது கிடைத்தாலும் கடிக்கிறாள். அத்தானுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறதா? இரவில் அதிகம் சாப்பிட வேண்டாம் என்று சொல்.

நீ எழுதியதைப் படித்தேன். பேப்பர்காரர்கள் எதையும் பெரிதாக்குவார்கள். பெரியவர் (அலுவலகத்தில் முதலாளியை அப்படித்தான் அழைப்போம்) பத்து வருஷம் முன்னால் யோசிக்கிற மனிதர். ஒரே தொழிலை நம்பியிருக்கக்கூடாது என்பது அவர் எண்ணம். கம்பெனியில் பாதிக்கு மேல் பங்கு அவர் குடும்பத்துடையது. தன் தலையில் தானே மண்ணைப் போட்டுக்கொள்வாரா?

பதவியில் இருப்பதால் இதற்கு மேல் எழுத்தில் எதுவும் சொல்வதற்கில்லை. பங்குகளை விற்காதே. பொறுமையாக இரு.

நாங்கள் வேறு வீடு பார்த்துக்கொண்டிருக்கிறோம். சின்னவள் தவழ்ந்து விளையாட இடம் போதவில்லை.

அன்புத் தம்பி

*

பிப்ரவரி 6

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் நலம். அத்தானுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. எனக்குத்தான் எதுவும் கட்டுக்குள் இல்லை.

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். வீடு, பல், முதுகு எல்லாம் இருந்தது. நான் கேட்டதற்குப் பதிலைத்தான் காணோம். ஆகவே நானும் விலங்கியலும் ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்து, உன் பெரியவர் நம் தலையில் கட்டப்போகும் மூன்று ஓட்டல்களில் ஒன்றை நேரில் பார்த்துவிட்டு வந்தோம்.

வாசலில் கண்ணாடிக் கதவு. அதில் பாதிக்குப் பலகை அடித்திருந்தார்கள். நீச்சல் குளத்தில் தண்ணீர் இல்லை. காய்ந்த சருகும் ஒரு உடைந்த நாற்காலியும் கிடந்தன. வரவேற்பு மேசையில் ஒரு ஆள் தலையைச் சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தார். மேசையைத் தட்டினேன்.

"ரூம் இருக்குங்களா?"

கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ரூம் மட்டும்தாம்மா இருக்கு" என்றார்.

"ஏன், மத்ததெல்லாம்?"

"லிஃப்ட் ஓடல. சமையலுக்கு ஆள் நின்னு நாலு மாசம் ஆச்சு. எனக்கே சம்பளம் வரல. கதவைப் பூட்டிட்டுப் போனா சாவிய யார்கிட்ட குடுக்கறதுன்னு தெரியாமத்தான் உக்காந்திருக்கேன்."

விலங்கியலுக்கு அங்கேயே சிரிப்பு வந்துவிட்டது. திரும்பி வரும்போது பஸ்ஸில் அவள் டிக்கெட்டின் பின்பக்கம் கணக்குப் போட்டுக்கொண்டே வந்தாள்.

சொந்தக் குடும்பத்தின் சொத்தைக் கம்பெனி தலையில் கட்டும்போது முதலாளி குடும்பம் ஓட்டுப் போடக்கூடாது, மற்ற பங்குதாரர்கள்தான் முடிவு செய்ய வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. அதை வரலாறு டீச்சரின் கணவர் சொன்னார். அவர் வக்கீல். அடுத்த மாதம் நடக்கும் பங்குதாரர் கூட்டத்துக்கு நான் வருகிறேன். முகவரி கிடைக்கிற சின்னப் பங்குதாரர்களுக்கெல்லாம் எழுதிக்கொண்டும் இருக்கிறேன். இதைப் படித்துவிட்டு முன்கூட்டியே வேர்த்துக்கொள்.

சின்னவளுக்கு முத்தம்.

அக்கா

*

மார்ச் 9

அக்கா,

நலம். நலமறிய ஆவல்.

கூட்டத்துக்கு வராதே. மேடையில் நான்தான் உட்கார்ந்திருப்பேன். நீ எழுந்து கேள்வி கேட்டால் அங்கே எல்லோரும் என்னைத்தான் பார்ப்பார்கள். என் நிலைமையைக் கொஞ்சம் யோசி.

வந்துதான் தீருவேன் என்றால், முடிந்ததும் வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டுப் போ. சின்னவள் உன்னைப் பார்த்து நாளாகிறது.

தம்பி

*

மார்ச் 30

தம்பிக்கு,

ஊர் வந்து சேர்ந்தேன். உடம்புக்கு ஒன்றுமில்லை. மனசைப் பற்றிக் கேட்காதே.

முதலில் கூட்டம். நான் எழுந்து, "அந்த ஓட்டல்ல லிஃப்ட்கூட ஓடலைங்க. இதுக்கு விலை போட்டது யாரு?" என்று கேட்டேன். உன் பெரியவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். பள்ளிக்கூடத்துக்கு வரும் அதிகாரிகள் பிள்ளைகளைப் பார்த்துச் சிரிப்பார்களே, அந்த மாதிரி. பிறகு உன் பக்கம் லேசாகத் தலையைத் திருப்பினார். என் மைக் செத்துப்போனது. பொத்தானை அழுத்தியது உன் விரல். நான் பார்த்தேன். ஐந்து வயதில் தெரு முனை வரைக்கும்கூட என் கையைப் பிடித்துக்கொண்டு வந்த விரல் அது.

வகுப்பில் நாற்பது பெண்களைச் சமாளிக்கிற தொண்டைக்கு மைக் எதற்கு? மீதியைக் கத்தியே கேட்டேன்.

அதைக்கூட மன்னித்திருப்பேன். உன் வீட்டு மேசையில் நடந்ததைத்தான் விழுங்க முடியவில்லை. பாவம் உன் வீட்டுக்காரி, என்னைச் சமாதானப்படுத்துவதாக நினைத்துக்கொண்டு சொன்னாள்:

"கவலைப்படாதீங்க அண்ணி. பெரியவர் யாரையும் கைவிட மாட்டார். எங்க பேர்லயே எவ்வளவு பங்கு வாங்கி வெச்சிருக்கார் தெரியுமா? டிரைவர் பேர்ல, தோட்டக்காரர் பேர்ல, எல்லார் பேர்லயும் இருக்கு. இவர் பேர்லதான் ஜாஸ்தி. அவ்வளவு நம்பிக்கை."

நீ குடித்துக்கொண்டிருந்த டீயைக் கீழே வைத்தாய். அவளைப் பார்த்த பார்வையில் அவள் எழுந்து உள்ளே போய்விட்டாள்.

ஆக, முதலாளி ஓட்டுப் போடக்கூடாது. ஆனால் முதலாளியின் டிரைவர் போடலாம், தோட்டக்காரர் போடலாம், என் கூடப் பிறந்தவன் போடலாம். நாங்கள் பஸ்ஸிலும் தபாலிலும் பொறுக்கிச் சேர்த்த ஓட்டையெல்லாம் நீங்கள் ஒரே தட்டில் கவிழ்த்துவிடுவீர்கள். வெட்கமாக இல்லையா உனக்கு?

கேள். தபால் ஓட்டு அடுத்த மாதக் கடைசி வரை திறந்திருக்கிறது. பங்கு உன் பேரில் இருக்கிறது. சட்டத்தின் கண்ணுக்கு அது உன்னுடையது. நீ எதிர்த்துப் போட்டால் அவர் எந்த வாயால் கேட்பார்? "அது என் பங்கு, பினாமி பேரில் வைத்திருக்கிறேன்" என்று சொன்னால் அவரே மாட்டிக்கொள்வார். அவர் வாயைத் திறக்கவே முடியாது. எதிர்த்துப் போடு.

அக்கா

*

ஏப்ரல் 12

அக்காவுக்கு,

இங்கே சுகம். அங்கேயும் அப்படித்தான் இருக்கும் என்று நம்புகிறேன்.

இந்த மாதிரி விஷயங்களைக் கடிதத்தில் எழுதாதே. உன் கடிதத்தைப் படித்ததும் கிழித்துப் போட்டுவிட்டேன்.

ஒரே ஒரு சந்தேகம். அவர் கேட்கவே முடியாது என்று எப்படி அவ்வளவு உறுதியாகச் சொல்கிறாய்? அந்த வக்கீலிடம் கேட்டாயா, அல்லது உன் ஊகமா?

தம்பி

*

ஏப்ரல் 17

அன்புள்ள தம்பிக்கு,

இரண்டு மாதத்துக்குப் பிறகு "அன்புள்ள" என்று எழுத எனக்கு மனசு வந்திருக்கிறது. நீ யோசிக்கிறாய் என்று தெரிந்துவிட்டது.

உன் பேரைச் சொல்லாமல் வக்கீலிடம் கேட்டேன். அவர் சிரித்தார். "கோர்ட்டுக்குப் போனா முதல் குற்றவாளி அந்த முதலாளிதாங்க. திருட்டுப் பொருளைத் திருடிட்டான்னு எவனாவது புகார் குடுப்பானா?" என்றார். பயப்படாதே. வேலை போனால் போகட்டும். உனக்கு வேறு வேலை கிடைக்காதா? கிடைக்கிறவரை எங்கள் மாடி அறை காலியாகத்தான் இருக்கிறது. மூன்று பேரும் வந்துவிடுங்கள்.

விலங்கியலுக்கு நேற்று பிரிவு உபசாரம் நடந்தது. எல்லோரும் பேசி முடித்ததும் என் காதருகே வந்து, "உங்க தம்பி நல்லவர்தானே?" என்று கேட்டாள். "நல்லவன்தான், கொஞ்சம் பயந்தாங்கொள்ளி" என்றேன். என்னைப் பொய்யாக்கிவிடாதே.

அக்கா

*

மே 3

என் தம்பிக்கு,

எப்படி இருக்கிறாய்? எல்லோரும் எப்படி இருக்கிறீர்கள்? உடனே எழுது. போனையும் எடுக்க மாட்டேன் என்கிறாய்.

தீர்மானம் தோற்றுவிட்டது! மயிரிழையில் தோற்றது என்று பேப்பரில் போட்டிருக்கிறார்கள். அந்த மயிரிழை யார் என்று எனக்கு மட்டும்தான் தெரியும். பங்கு விலை விறுவிறுவென்று ஏறியிருக்கிறது. ஆசிரியர் அறையில் கணக்கு டீச்சர் சாக்பீஸால் கதவிலேயே புது விலையை எழுதிவிட்டாள். தலைமையாசிரியை வந்து பார்த்துவிட்டு, அழிக்கச் சொல்லாமலே போனார். அவரும் வாங்கியிருக்கிறார் போலிருக்கிறது.

அத்தான் சொல்கிறார், "உன் தம்பிக்கு முதுகெலும்பு இருக்குன்னு இன்னிக்குத்தான் தெரியுது" என்று. சமையலறைக்குப் போய்க் கொஞ்சம் அழுதேன்.

அந்த ஆள் உன்னை ஏதாவது செய்தாரா? வேலையை விட்டு அனுப்பிவிட்டாரா? எதுவானாலும் எழுது.

அக்கா

*

ஜூன் 14

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் மூவரும் மிக மிக நலம். தாமதத்துக்கு மன்னித்துக்கொள். வீடு மாறிக்கொண்டிருந்தோம். சொந்த வீடு, அக்கா. இரண்டு பக்கமும் பால்கனி. சின்னவள் ஒரு பால்கனியிலிருந்து இன்னொன்றுக்குத் தத்தித் தத்திப் போய்க்கொண்டே இருக்கிறாள்.

வேலையை நானே ராஜினாமா செய்துவிட்டேன். ஓட்டு முடிந்த மறுநாள் பெரியவர் அறைக்குக் கூப்பிட்டார். திட்டவில்லை. பங்குகளை வேறொருவர் பேருக்கு மாற்ற ஒரு தாளை நீட்டி, "கையெழுத்துப் போடுப்பா" என்றார். "எதுக்கு சார்? அது என்னுதுதானே" என்றேன். அவர் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். நீ சொன்னது அப்படியே பலித்தது. வாயைத் திறக்கவே முடியவில்லை அவரால்.

கொஞ்சம் விற்று வீடு வாங்கினேன். மீதி இருக்கிறது. விலை இன்னும் ஏறும்.

தப்பாக எண்ணாதே. அந்தப் பங்குகளை வாங்கின பணம் மட்டும் அவர் சொந்தப் பணமா என்ன? கம்பெனிக்கு இரும்பு வாங்குவதில் விலையைக் கூட்டிக் காட்டி அமுக்கியது. திருடனிடமிருந்து எடுத்தால் அது திருட்டா? இத்தனை வருஷம் அவருக்குக் குனிந்ததற்குக் கூலி என்று வைத்துக்கொள்.

யோசனை உன்னுடையது. அதனால் உனக்கும் ஒரு காசோலை இணைத்திருக்கிறேன். அத்தானோடு எங்கேயாவது போய் வா.

உன் தம்பி

*

ஜூன் 19

தம்பி,

காசோலையை நான்காகக் கிழித்து இதோடு வைத்திருக்கிறேன்.

ஓட்டுப் போடச் சொன்னேன். பையில் போடச் சொல்லவில்லை.

இரும்பு விலையைக் கூட்டி அமுக்கினது யார் பணம் என்று நினைத்தாய்? கம்பெனிப் பணம். கம்பெனி யாருடையது? விலங்கியலுடையது, கணக்குடையது, என்னுடையது, முன்பின் தெரியாத எனக்குத் தபால் செலவு செய்து பதில் எழுதினார்களே, அவர்களுடையது. அவர் எங்கள் பையில் கையை விட்டார். நீ அவர் பையில் கையை விட்டாய். எங்கள் பைக்கு எதுவும் திரும்பி வரவில்லை. உனக்குப் பால்கனி வந்திருக்கிறது.

உன்னைப் பற்றிப் பயந்து நான் தூங்காமல் கிடந்தபோது நீ வீடு பார்த்துக்கொண்டிருந்தாய். வக்கீலிடம் கேட்டாயா என்று எழுதினாயே, அதை நான் மனச்சாட்சி என்று நினைத்தேன். விலை விசாரித்திருக்கிறாய்.

பங்குச் சந்தை ஆணையத்துக்குப் போ. அந்தப் பங்குகள் எப்படி உன் பேருக்கு வந்தன, இரும்புக் கணக்கு என்ன, இன்னும் யார் யார் பேரில் இருக்கிறது, எல்லாவற்றையும் நீயே சொல். இந்த மாதம் முடிகிறவரை பார்ப்பேன். நீ போகாவிட்டால் நான் போவேன்.

அக்கா

*

ஜூன் 27

நீ எனக்கு அக்காவா, போலீஸா?

ஊரெல்லாம் பெரியவர்கள் கோடி கோடியாக விழுங்கும்போது உன் கண்ணில் பட்டது நான் ஒருவன்தானா? விஷயம் வெளியே வந்தால் பங்கு விலை விழும். உன் விலங்கியலின் பணமும்தான் போகும். அதை யோசித்தாயா?

இன்னொன்றும் தெரிந்துகொள். உன் மார்ச் மாதக் கடிதத்தை நான் கிழிக்கவில்லை. "சட்டத்தின் கண்ணுக்கு அது உன்னுடையது" என்று உன் கையால் எழுதியது பத்திரமாக இருக்கிறது. நான் மாட்டினால் யோசனை சொன்னவளும் மாட்டுவாள். பள்ளிக்கூட வேலையும் பென்ஷனும் போகும். நன்றாக யோசித்துக்கொள்.

*

ஜூலை 22

தம்பிக்கு,

சின்னவள் எப்படி இருக்கிறாள்? அவளுக்காக மட்டும்தான் கேட்கிறேன்.

ஆணையத்துக்குப் போனேன். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் உன் வயசில் ஒருவர் உட்கார்ந்திருந்தார்.

"யார் மேலம்மா புகார்?"

"பம்ப் கம்பெனி முதலாளி மேல."

எழுதிக்கொண்டார். "வேற யாராவது?"

"என் தம்பி மேல."

நிமிர்ந்து பார்த்தார். "அப்புறம், அவனுக்கு யோசனை சொன்னது நான். அது லெட்டர்ல இருக்கு. அவனே எடுத்துக் குடுப்பான். என் பேரையும் எழுதிக்குங்க" என்றேன். அவர் பேனாவை வைத்துவிட்டு, எனக்குத் தண்ணீர் கொண்டுவரும்படி பியூனிடம் சொன்னார்.

ஆகவே அந்தக் கடிதத்தை வைத்து என்னை மிரட்டாதே. அது உன் கையில் இனி வெறும் காகிதம்.

போவதற்கு முந்தின நாள் விலங்கியல் வீட்டுக்கு வந்திருந்தாள். ஓய்வு பெற்ற கையோடு வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிக்கப் போவதாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். "இன்னிக்கே வித்துடு" என்று சொல்ல நாக்கு துடித்தது. சொல்லியிருந்தால் அவள் தப்பித்திருப்பாள். வேறு எவனோ ஒரு வாத்தியார், விஷயம் தெரியாமல், அவள் விற்றதை வாங்கி மாட்டிக்கொண்டிருப்பான். அதுவும் திருட்டுதான். பல்லைக் கடித்துக்கொண்டு டீ போட்டுக் கொடுத்து அனுப்பினேன். என் பங்குகளையும் விற்கவில்லை.

போன வாரம் செய்தி வந்தது. விலை சரிந்தது. உன் பெரியவரின் அறைக்குச் சீல் வைத்திருக்கிறார்களாம். விலங்கியல் வந்தாள். உட்காரவில்லை. வாசலிலேயே நின்று, "அன்னிக்கு நான் வந்தப்பவே உங்களுக்கு இது தெரியுமா?" என்று கேட்டாள்.

"தெரியும்."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, பௌதிகம்."

"சொல்லக்கூடாது."

"நீங்க செஞ்சது சரிதான்" என்றாள். "புத்திக்குத் தெரியுது, மனசுதான் ஆற மாட்டேங்குது. கொஞ்ச நாளைக்கு இந்தப் பக்கம் வரமாட்டேன்." போய்விட்டாள். இருபது வருஷச் சிநேகம்.

எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. அவர் மேல் இருந்த ஆத்திரத்தை வெளியே கொட்ட இடம் இருந்தது. ஒரு மண்டபம், ஒரு மைக், ஒரு ஜன்னல். உன் மேல் இருப்பதை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவேன்?

அடுத்த மாதம் விசாரணைக்கு உன்னைக் கூப்பிடுவார்கள். ஆணையம் எங்கள் ஊரில் இருக்கிறது. லாட்ஜில் தங்காதே. இங்கேதான் வர வேண்டும். மாடி அறையைப் பெருக்கி வைத்திருக்கிறேன்.

சோறு போடுவேன். பேச மாட்டேன்.

அக்கா